பன்னிரண்டு வலது

என் சித்தியைத் தொழிற்சாலையில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. விசில் அக்கா என்றால்தான் தெரியும். கழுத்தில் கறுப்புக் கயிறு, அதில் ஓர் எஃகு விசில். வீட்டுக்கு வந்தாலும் கழற்ற மாட்டாள். குளிக்கப் போகும்போது மட்டும் குழாயின் மேல் மாட்டி வைப்பாள். "கல்யாணத்துல நான் போட்ட சங்கிலி பெட்டிக்குள்ள தூங்குது. இது மட்டும் கழுத்தை விட்டு இறங்காது" என்று சித்தப்பா சொன்னால், "உங்க சங்கிலியை ஊதினா நாலு பேர் வந்து நிப்பாங்களா?" என்பாள்.

பல வருஷம் நாடு நாடாகச் சுற்றிவிட்டுத் திரும்பிய நான், அடுத்து எங்கே போவது என்று புரியாமல் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். ஓர் இடத்தில் உட்கார்ந்தால் எனக்குக் கால் துறுதுறுக்கும். அதைப் பார்க்கப் பொறுக்காமல் சித்தி என்னைத் தன் தொழிற்சாலையிலேயே, பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் மூலையில் கொண்டுபோய் உட்கார வைத்தாள். "உலகத்தைச் சுத்தினது போதும். கொஞ்ச நாள் பசையோட ஒட்டிக்கிட்டு இரு."

அது இறால் தொழிற்சாலை. துறைமுகத்திலிருந்து ஐஸில் வரும் இறாலை உரித்து, முதுகைக் கீறி நரம்பெடுத்து, உறைய வைத்து, பெட்டியில் அடைத்துக் கப்பலேற்றுவார்கள். நீளமான கூடத்தில் எஃகு மேஜைகள் வரிசையாக நிற்கும். மேஜைக்கு இரண்டு பேர், எதிரெதிரே. ஒருத்தி இடது, ஒருத்தி வலது. இருவர் உரிப்பதும் ஒரே தொட்டியில் விழும். கூலியும் அந்தத் தொட்டிக்குத்தான், ஆளுக்கு இல்லை. தலைக்கு வலைத்தொப்பி, வாய்க்கு மாஸ்க், கழுத்திலிருந்து முழங்கால் வரை ரப்பர் ஏப்ரன். கண் மட்டும்தான் வெளியே தெரியும். பெற்ற தாய் எதிரில் வந்து நின்றாலும் அடையாளம் தெரியாது. அதனால் காலையில் ஆள் கணக்கு எடுப்பதும் மேஜையை வைத்துத்தான். "ஒண்ணு இடது!" என்பாள் சித்தி. ஒரு கை உயரும். "ஒண்ணு வலது!" இன்னொரு கை.

சித்தி அங்கே சேர்ந்த காலத்தில் கூடம் முழுக்க உள்ளூர்ப் பெண்கள்தான். சித்தியும் என் அம்மாவும் ஒரே மேஜை. "உங்கம்மா ஒரு இறால் உரிக்கறதுக்குள்ள ஒரு கதையை முடிச்சிடுவா. தொட்டியை ரொப்பறது நான், பேர் வாங்கறது அவ" என்று சித்தி இன்னும் கோபப்படுவாள். பிறகு அந்தப் பெண்கள் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். படித்த பிள்ளைகள் ஐஸ் தண்ணீரில் கை வைக்க மாட்டோம் என்றார்கள். என்னைப் போல ஒவ்வொருவராகக் கிளம்பினோம். யாருடைய ஊரிலோ போய்ப் பாத்திரம் கழுவினோம், பழம் பறித்தோம், மூட்டை தூக்கினோம். நாங்கள் காலி செய்த மேஜைகளுக்கு வேறு யாருடைய ஊரிலிருந்தோ ஆட்கள் வந்தார்கள்.

வந்தவர்களை ஊருக்குப் பிடிக்கவில்லை. வந்ததெல்லாம் ஊருக்குப் பிடித்திருந்தது. தெருவில் பாதி வீட்டுக்காரர்கள் மாடியில் ஓர் அறை எழுப்பி வாடகைக்கு விட்டிருந்தார்கள். முடிவெட்டுகிறவர் "எவ்வளவு குறைக்கணும்" என்பதை மூன்று பாஷையில் கேட்கக் கற்றிருந்தார். உரிக்கக் கை இருந்ததால்தான் படகு கடலுக்குப் போனது, படகு போனதால்தான் ஐஸ்காரருக்கும் டீசல்காரருக்கும் வலை தைக்கிறவருக்கும் அடுப்பு எரிந்தது. சாயங்காலம் அவர்கள் எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்து, இந்த வெளியாட்கள் வந்து ஊரே கெட்டது என்று பேசுவார்கள். டீ போட்டுக் கொடுப்பவனும் வெளியாள்.

அந்தப் பேச்சில் சித்தப்பா குரல்தான் உரக்கக் கேட்கும். அவர் அதே தொழிற்சாலையில் குளிர்பதன மெஷின் பார்ப்பவர். கம்ப்ரஸர் அண்ணன் என்று பேர். எங்கள் வீட்டு மாடியிலும் இரண்டு பெண்களைக் குடிவைத்திருந்தார்கள். ஒருத்தி இரட்டைச் சடை. இன்னொருத்திக்குச் சிரிப்பு என்றே பேர் வைத்துவிட்டார்கள். அவள் எதற்கும் சிரிப்பாள், அதையும் அடக்காமல் சிரிப்பாள். கூரையைத் துளைத்துக்கொண்டு அது கீழே இறங்கும்போது சித்தப்பா துடைப்பக் கட்டையால் மேலே இடிப்பார். "அப்படி என்னதான் இருக்கு சிரிக்க? இங்க வந்து நம்ம பொழப்பைப் பாத்துட்டுச் சிரிக்குதா?"

"வாடகையைக் கையில வாங்கறப்ப இந்தக் கட்டை எங்க போச்சு?" என்பாள் சித்தி.

தொழிற்சாலையில் அந்த இருவரும் பன்னிரண்டாம் மேஜை. இரட்டைச் சடை இடது, சிரிப்பு வலது. அங்கே சித்தி அவர்களைத் தெரிந்ததாகவே காட்டிக்கொள்ள மாட்டாள். "வீட்டுல வாடகைக்காரி, கூடத்துல பன்னிரண்டு. ரெண்டையும் குழப்பினா விசிலுக்கு மரியாதை போயிடும்."

அந்த வாரம் சித்தி நெருப்பின் மேல் நின்றுகொண்டிருந்தாள். இரட்டைச் சடை போன்றவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் கூலி வேலை பார்த்த யாருக்கும் அது தெரிந்திருக்கும். ஒருத்தி வரத் தாமதமானாலோ முடியாமல் எங்கேயாவது படுத்துவிட்டாலோ, பக்கத்தில் நிற்பவள் அவளுக்கும் சேர்த்துக் கை தூக்குவாள். ஜோடி இரண்டு பேர் வேலையையும் செய்வாள். இன்று நீ, நாளை நான். இறால் வாங்குகிறவர்களின் ஆட்கள் ஒருமுறை சோதனைக்கு வந்தபோது இது பிடிபட்டுவிட்டது. மேனேஜர் சித்தியைக் கூப்பிட்டு மிரட்டவில்லை, மெதுவாகத்தான் சொன்னார்: "இன்னொரு தடவை ஆள் கணக்கு பிசகினா, எனக்கு வேற வழியில்ல. விசிலை வாங்கி வேற யார்கிட்டயாவது குடுத்துடுவேன்." அதிலிருந்து சித்தி கூடத்தில் பருந்து மாதிரி சுற்றினாள்.

கை வெட்டுப்பட்டவர்கள் உணவுப் பொருளைத் தொடக் கூடாது என்பது தொழிற்சாலைச் சட்டம். ஆறும்வரை வேலை கிடையாது, கூலியும் கிடையாது. அந்த வாரம் ஒருத்தி ஆள்காட்டி விரலில் துணி சுற்றிக் கையுறைக்குள் மறைத்து வைத்திருந்ததைச் சித்தி கண்டுபிடித்து, எல்லோர் முன்னாலும் கையுறையை உருவிக் காட்டினாள். "சாப்பிடற பொருள்டி இது! ஆறினப்புறம் வா." அவள் ஆறி வருவதற்குள் ஆள் பிடித்துத் தரும் ஏஜென்ட் அவள் இடத்தில் வேறொருத்தியை நிறுத்திவிட்டார். அவள் பெட்டியோடு பஸ் ஏறியதைக் கூடமே பார்த்தது. சித்தியும் பார்த்தாள்.

இது நடந்து ஓரிரு நாளில், காலை வேலை சூடு பிடித்திருந்த நேரத்தில், மெஷின் அறைப் பக்கம் ஏதோ வெடித்தாற்போல ஒரு சத்தம். லேபிளைக் கையில் வைத்துக்கொண்டு நான் நிமிர்ந்தேன். அடுத்த நொடி மூக்குக்குள் ஊசி ஏறியது. குளிரூட்டும் குழாயில் ஓடும் அமோனியா கசிந்துவிட்டது. அந்த வாயு கண்ணைச் சுடும், தொண்டையை அடைக்கும், அதிகமாக மூச்சில் ஏறினால் ஆளையே முடித்துவிடும்.

சைரன் கத்துவதற்கு முன்பே சித்தியின் விசில் கத்தியது. "முன்வாசல்! முன்வாசல்! தள்ளாதீங்கடி, குனிஞ்சு போங்க!" பெண்கள் ஏப்ரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். எல்லோர் கையிலும் கத்தி. மேஜையில் கத்தி அநாதையாகக் கிடக்கக் கூடாது, ஒரு கத்தி காணாமல் போனாலும் அது கிடைக்கும்வரை கூடமே நிற்கும். இப்படிப் பழகிய கைகள் உயிர் போகிற ஓட்டத்திலும் கத்தியை விடவில்லை. பெட்டி ஏற்றும் ஆண்கள் பின்வாசல் வழியாக இறங்கிச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருந்தது.

காற்றுக்கு எதிர்ப்பக்கம் இருந்த முன்முற்றத்தில் எல்லோரும் கூடினோம். இருமல், அழுகை, ஆளுக்கொரு பாஷையில் கூப்பாடு. சித்தி பிளாஸ்டிக் பெட்டிகளின் அடுக்கு மேல் ஏறி நின்று விசிலடித்தாள். சத்தம் அடங்கியது.

"ஒண்ணு இடது!"

கை.

"ஒண்ணு வலது!"

கை.

கண்ணிலிருந்து நீர் கொட்ட, துடைக்காமல் கூப்பிட்டுக்கொண்டே போனாள். பன்னிரண்டு இடது, கை. பன்னிரண்டு வலது, கூட்டத்துக்குள் கொஞ்சம் தள்ளி ஒரு கை. கடைசி மேஜைவரை ஒரு கையும் குறையவில்லை. மேனேஜர் போனைக் காதில் வைத்தபடி அவள் முகத்தைப் பார்த்தார்.

"எல்லாரும் வெளிய" என்றாள் சித்தி.

"நிச்சயமா?"

"என் கணக்கு தப்பாது சார்."

அவர் போனில் தீயணைப்புக்காரர்களிடம் சொன்னார்: "உள்ள ஆள் யாரும் இல்ல."

அதற்குள் சித்தப்பா பக்கவாட்டுச் சுவரோரம் தள்ளாடிக்கொண்டு வந்தார். முகத்தில் முகமூடி, முதுகில் காற்று சிலிண்டர். அந்த இடத்தில் இருந்தது அந்த ஒரு செட்தான். பெரிய வால்வை மூடிவிட்டு வந்திருந்தார். முகமூடியை நெற்றிக்குத் தள்ளித் தண்ணீரை வாரி முகத்தில் அடித்துக்கொண்டார். "மூடியாச்சு. ஆனா உள்ள நிக்கறது நிக்குது. அது தானா அடங்கணும். யாரும் கிட்டப் போகாதீங்க."

பயந்துபோன கூட்டத்தில் கத்திகள் ஆபத்து. சித்தி ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டு வரிசையாக நடந்தாள். "கத்தியைப் போடுங்க." டங், டங் என்று ஒவ்வொன்றாக விழுந்தன. நான் அவள் பின்னால் இன்னொரு தொட்டியோடு போனேன். இரட்டைச் சடையின் முன்னால் வந்தபோது தொட்டியில் இரண்டு கத்தி விழுந்தது.

சித்தி நின்றுவிட்டாள்.

"ரெண்டாவது யாரோடது?"

"அவளோடது அக்கா. என்கிட்ட குடுத்தா."

"அவ எங்க?"

"இங்கதான்... அந்தப் பக்கம்."

இரட்டைச் சடையின் கண்கள் சித்தியைப் பார்க்கவில்லை. முற்றத்தின் மூலையைப் பார்த்தன. பின்வாசல் வழியாக இறங்கிய ஆண்கள் அப்போதுதான் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். கடைசி ஆளும் வந்தாயிற்று. அவள் இன்னும் அவர்களுக்குப் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி தொட்டியைக் கீழே வைத்தாள். விசிலை எடுத்து நீளமாக ஒரு ஊது ஊதினாள். காலையில் வேலை தொடங்கும்போது ஊதுவது அதுதான். அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம்: ஜோடியோடு நில். யோசிக்காமல் கால்கள் நகர்ந்தன. முற்றம் முழுக்கப் பெண்கள் இரண்டிரண்டாக எதிரெதிரே நின்றார்கள். நடுவில் மேஜைதான் இல்லை.

இரட்டைச் சடை மட்டும் தனியாக நின்றாள். நான் மூச்சை இழுப்பதற்குள் பின்னாலிருந்து ஓர் உயரமான உருவம் வந்து அவளுக்கு எதிரே நின்றுகொண்டது.

சித்தி நேராக அங்கே போய் அந்த உருவத்தின் மாஸ்க்கைக் கீழே இழுத்தாள். ஒன்பதாம் மேஜைக்காரி. அவள் ஜோடி இரண்டு வரிசை தள்ளி வேறு யாரோடோ ஒண்டிக்கொண்டிருந்தாள்.

"இங்கயுமாடி?" சித்தியின் குரல் உடைந்திருந்தது. "இங்கயும் கை குடுக்கறீங்களா?"

ஒன்பதாம் மேஜைக்காரி தலையைக் குனிந்தாள். "அவ வேலை போயிடும் அக்கா."

சித்தி இரட்டைச் சடையின் இரண்டு தோளையும் பிடித்தாள். "உன்னை வேலையை விட்டு அனுப்பறதா இருந்தா நாளைக்கு அனுப்பறேன். இப்ப அவ மூச்சு போயிட்டிருக்கு. எங்க இருக்கா?"

"கை வெட்டிடுச்சு அக்கா. நேத்து. பெருசா." தன் கையுறையின் குறுக்கே விரலால் கோடு போட்டுக் காட்டினாள். "நீங்க பாத்தா அனுப்பிடுவீங்க. நான் ரெண்டு பேருக்கும் உரிக்கறேன், நீ போய்ப் படுன்னு சொன்னேன். வலி மாத்திரை போட்டுட்டுப் படுத்தா. அட்டைப்பெட்டி ரூம். பின்வாசல் பக்கத்துலதான அக்கா, அவங்களோட இறங்கியிருப்பான்னு நினைச்சுத்தான் தள்ளி நின்னு அவளுக்கும் கை தூக்கினேன். அவங்க எல்லாரும் வந்துட்டாங்க. அவ வரல."

சித்தியின் கைகள் அவள் தோளிலிருந்து நழுவின. மேனேஜரைத் தாண்டி, யாரையும் பார்க்காமல், சுவரோரம் உட்கார்ந்திருந்த சித்தப்பாவிடம் போனாள். நானும் ஓடினேன்.

"உள்ள ஒருத்தி இருக்கா."

சித்தப்பா நிமிர்ந்து பார்த்தார். கண்கள் ரத்தமாகச் சிவந்திருந்தன. "எல்லாரும் வெளியன்னு இப்பதான சொன்ன?"

"சொன்னேன். தப்பு."

எனக்கு நினைவு தெரிந்து அந்தச் சொல்லைச் சித்தி வாயிலிருந்து நான் கேட்டதில்லை. சித்தப்பாவும் கேட்டிருக்க மாட்டார். அவர் தோளருகே தொங்கிய, சிலிண்டரில் காற்று எவ்வளவு என்று காட்டும் சின்ன வட்ட முள்ளைத் திருப்பிப் பார்த்தார்.

"யாரு?"

"நம்ம மாடி. சிரிப்பு."

அவர் எழுந்தார்.

"காத்து எவ்வளவு இருக்கு?" என்றாள் சித்தி.

"இருக்கு."

"எவ்வளவுன்னு கேட்டேன்."

"போயிட்டு வர்ற அளவுக்கு இருக்கு. குறைஞ்சா இதுவே விசிலடிக்கும், உன்னை மாதிரி." முகமூடியை இறக்கினார். பிறகு அதைக் கொஞ்சம் தூக்கி, "எந்த ரூம்?" என்றார், ஏற்கெனவே சொன்னாளா இல்லையா என்று நினைவில்லாதவர் போல.

"அட்டைப்பெட்டி ரூம்."

மேனேஜர் ஓடி வந்தார். "இருங்க அண்ணே. வண்டி வந்துக்கிட்டே இருக்கு. துறைமுக ரோட்ல லாரி நெருக்கடியாம், வந்துடுவாங்க."

"வரட்டும் சார். வந்தா என்னையும் சேத்துத் தூக்கட்டும்."

பெட்டி ஏற்றும் ஆண்கள் யாரும் சொல்லாமலே தண்ணீர்க் குழாயை இழுத்து வந்து வாசலில் திரைபோலப் பீய்ச்சினார்கள். அமோனியாவைத் தண்ணீர் இழுத்துக்கொள்ளும் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். காற்று புகையைப் பின்வாசல் பக்கம் தள்ளிக்கொண்டிருந்ததால் முன்வாசல்தான் வழி. டீக்கடையில் சித்தப்பா யாரைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொள்வாரோ, அவர்கள்தான் குழாயைப் பிடித்திருந்தார்கள். அந்தத் தண்ணீருக்குள் புகுந்து அவர் மறைந்தார்.

பிறகு காத்திருப்பதைத் தவிர ஒன்றுமில்லை. வாசலில் வெள்ளைப் புகை தரையோடு தவழ்ந்தது. குழாய்ச் சத்தம். யாரோ ஒருத்தியின் விக்கல். சித்தி வாசலைப் பார்த்தபடி நின்றாள், விசில் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி, ரத்தம் கட்டி விரல் நீலமாகிற அளவுக்கு. இரட்டைச் சடை அவளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தாள்.

உள்ளேயிருந்து இடிக்கும் சத்தம் கேட்டது. ஒரு கதவைத் தோளால் முட்டுகிற சத்தம். நின்றது. மறுபடி.

"கதவு ஏன் திறக்கல?" என்று கேட்டாள் சித்தி, யாரிடம் என்று இல்லாமல். "அந்த ரூமுக்குப் பூட்டே கிடையாதே. ஏன் திறக்கல?"

அப்போதுதான் அந்த விசில் கேட்டது. உள்ளேயிருந்து, மெல்லிசாக, நிற்காமல். சித்தியின் கை தானாகத் தன் நெஞ்சுக்குப் போய்த் தன் விசிலைத் தொட்டுப் பார்த்தது. அவளுடையது அங்கேயே இருந்தது. உள்ளே கத்துவது சிலிண்டர். காற்று தீர்ந்துகொண்டிருக்கிறது.

வாழ்நாள் முழுக்க விசில் ஊதி ஆட்களை வரவைத்தவள் சித்தி. அந்த விசிலுக்கு அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. வாசலை நோக்கி ஓடினாள். நானும் ஒன்பதாம் மேஜைக்காரியும் அவள் இடுப்பைப் பிடித்து இழுத்தோம். மூன்று பேரும் ஈரத் தரையில் விழுந்தோம். எழாமலே அவள் கத்தினாள். அவர் பேரைச் சொல்லிக் கத்தினாள். அந்தப் பேரை அவள் கூப்பிட்டு அன்றுதான் முதலில் கேட்டேன்.

விசில் நெருங்கி வந்தது. தண்ணீர்த் திரைக்குப் பின்னால் ஒரு நிழல். பிறகு சித்தப்பா, குனிந்து, தோளில் ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் உறையைச் சுமந்துகொண்டு வந்தார். பெட்டிக்குள் போடும் உறை. அதற்குள் சிரிப்பு. நாலடி வந்து முட்டி போட்டு விழுந்தார். குழாய்க்காரர்கள் இருவர் மேலும் தண்ணீரைக் கொட்டினார்கள்.

சிரிப்புக்கு உயிர் இருந்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. மூச்சு ரம்பம் அறுப்பதுபோல வந்தது. வெட்டுப்பட்ட கையின் கட்டு அவிழ்ந்து கிடந்தது.

மாத்திரை மயக்கத்தில் தூங்கியவள் நெடி தாங்காமல் விழித்திருக்கிறாள். கதவைத் திறந்திருக்கிறாள், வெளியே நிற்க முடியவில்லை. திரும்பிப் போய், கதவு இடுக்கு முழுக்கப் பெட்டி ஒட்டும் டேப்பை ஒட்டி, கீழே பிளாஸ்டிக் உறைகளைத் திணித்து, உறை ஒன்றைத் தலைமேல் போட்டுக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்திருக்கிறாள். அந்த டேப்புதான் அவளைப் பிழைக்க வைத்தது. அதே டேப்பு சித்தப்பாவின் காற்றில் பாதியைத் தின்றுவிட்டது.

ஆம்புலன்ஸில் இருவரையும் ஏற்றினார்கள். சித்தி ஏறப் போனபோது சித்தப்பா ஆக்ஸிஜன் முகமூடியோடு படுத்தபடி கையை ஆட்டினார். நீ இங்கே இரு, இவர்களைப் பார் என்று.

மேனேஜர் அறைக்குச் சித்தியை அழைத்தது மறுநாள். ஏஜென்டும் இருந்தார். கூட்டத்தில் நான் சித்தி அருகில் நின்றதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். தொழிற்சாலை மூடியிருந்தது. தெருவில் அதற்குள் ஒரு பயம் பரவியிருந்தது. மாடி அறைகளில் பெட்டி கட்டுகிறார்களாம், கூட்டமாகக் கிளம்புகிறார்களாம் என்று வீட்டுக்காரர்கள் வாசலில் நின்று ஏணிப்படியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். படகுக்காரர் ஒருவர் சித்தியிடமே வந்து, "போக விட்டுடாதம்மா, பிடிச்ச இறாலை நான் யார்கிட்ட உரிக்கக் குடுப்பேன்" என்று கெஞ்சிவிட்டுப் போயிருந்தார்.

"யார் கை தூக்கினது?" என்று கேட்டார் மேனேஜர்.

ஏஜென்ட் முன்னால் சாய்ந்தார். "பன்னிரண்டு இடதுதான? ரெண்டு பேரையும் நான் எடுத்துடறேன் சார். வேற ஆள் தர்றேன்."

சித்தி அவரைத் திரும்பியும் பார்க்கவில்லை. "யாரும் தூக்கல சார். பன்னிரண்டு வலதை நான் கூப்பிடவே இல்ல. பதட்டத்துல விட்டுட்டேன்."

மேனேஜர் என்னைப் பார்த்தார். "நீ பக்கத்துலதான நின்ன?"

"எனக்குக் கண்ணே தெரியல சார். இருமிக்கிட்டு இருந்தேன்."

அவர் முட்டாள் இல்லை. "உங்க கணக்கு தப்பாதுன்னு நீங்களே சொன்னீங்க அக்கா. அதை வெச்சுத்தான் நான் போன்ல சொன்னேன்."

"ஆமா சார்." சித்தி கழுத்திலிருந்து கயிற்றைக் கழற்றினாள். முடியில் சிக்கியது; பொறுமையில்லாமல் இழுத்தாள், நாலு முடியோடு வந்தது. விசிலை மேஜைமேல் வைத்தாள். "ஒண்ணு சொல்லிட்டுப் போறேன். கை வெட்டுப்பட்டவங்களை வெளிய அனுப்பாதீங்க. லேபிள் ஒட்டற இடத்துல போடுங்க. இதோ நிக்கறாளே, இவ இன்னிக்கோ நாளைக்கோ எங்கயாவது ஓடப்போறா, இடம் காலியாத்தான் இருக்கும். மூடின பெட்டிமேல ஒட்டறதுக்கு விரல்ல கட்டு இருந்தா என்ன கெட்டுப்போகும்?"

"பாக்கறேன்" என்றார் மேனேஜர். பார்த்தார் என்றும் சொல்ல வேண்டும். எல்லா நாளும் இல்லை, பாதி நாள்.

வெளியே வந்ததும் சித்தி என் தலையில் ஒன்று வைத்தாள். "இருமிக்கிட்டு இருந்தியா? எனக்கே பொய்சாட்சியா?"

"நீ சொன்னது மட்டும் என்னவாம்?"

"நான் சொன்னா அது என் பாடு."

பெட்டி கட்டியவர்களில் சிலர் போய்விட்டார்கள். பெரும்பாலானோர் போகவில்லை. அந்த அறையில் பேசியது எப்படி வெளியே வந்ததோ, மாடிக்கு மாடி தெரிந்திருந்தது. நான் சொல்லவில்லை. ஏஜென்டே புலம்பியிருக்கலாம்.

சித்தப்பா வீடு திரும்பி வெகுநாள் இருமினார். டீக்கடைக்குப் போனார், பழைய பேச்சு நடக்கும்போது எழுந்து வந்துவிடுவார், அவ்வளவுதான், பெரிதாக மாறிவிட்டார் என்று சொல்ல முடியாது. தண்ணீர்த் தொட்டி காலியானால் இன்னும் மாடியைப் பார்த்துத் திட்டுகிறார். ஆனால் சிரிப்பு ஆஸ்பத்திரியிலிருந்து வராத அந்த நாட்களில், சாப்பிடும்போது நடுவில் கையை நிறுத்திக் கூரையை அண்ணாந்து பார்ப்பார்.

தொழிற்சாலை திறந்த அன்று விசில் வேறொரு கழுத்தில் இருந்தது. சித்தி ஏப்ரன் கட்டிக்கொண்டு பன்னிரண்டு வலதில் போய் நின்றாள். அது காலி இடம், யாரும் தடுக்கவில்லை. கத்தி பிடித்து எத்தனையோ காலமாகியிருந்தது. இரட்டைச் சடை ஒரு கைப்பிடி உரித்து முடிக்கும்போது சித்தி இரண்டாவது இறாலின் வாலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பாள்.

"அக்கா, தொட்டி ரொம்பலைன்னா எனக்கும்தான் கூலி போகும்" என்பாள் இரட்டைச் சடை.

"வாயை மூடு. எங்கக்காகூட நின்னு பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும் உனக்கு."

ஒருநாள் காலை சித்தப்பாவுக்கு இருமல் அதிகமாகி, சித்தியும் நானும் புறப்படத் தாமதமாகிவிட்டது. கேட்டுக்கு வந்தபோது முற்றத்தில் ஆள் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதுக்காரியின் குரல் கேட்டது.

"பன்னிரண்டு வலது!"

வரிசைக்குள்ளிருந்து ஒரு கை உயர்ந்தது.

சித்தி ரப்பர் பூட்ஸில் பாதிக் காலை நுழைத்தபடி நின்றாள். பிறகு ஒற்றை பூட்ஸோடு, இன்னொன்றைக் கையில் தூக்கிக்கொண்டு, வரிசையைப் பிளந்துகொண்டு உள்ளே போனாள்.

"எவடி அது எனக்குக் கை தூக்கினது?"

யாரும் அசையவில்லை. எல்லோர் முகத்திலும் மாஸ்க். எல்லோர் கண்ணும் தரையில்.

"நான் உள்ள செத்துக் கிடந்தா? அப்பவும் தூக்குவீங்களா? பட்டது போதாதா உங்களுக்கு?" அவள் குரல் முற்றத்துச் சுவரில் மோதித் திரும்பியது. "நான் வரல. லேட்டு. எனக்குப் பாதி நாள் கூலி போகட்டும். ஏம்மா, முதல்லேருந்து கூப்பிடு."

"அக்கா, ஒரு ஆளுக்காக முதல்லேருந்தா..."

"முதல்லேருந்து."

புதுக்காரி பெருமூச்சு விட்டு விசிலை ஊதினாள். ஒண்ணு இடது. ஒண்ணு வலது. சித்தி வரிசைக்கு வெளியே, கேட்டருகில் போய், ஒற்றைக் காலில் நின்று மற்ற பூட்ஸைப் போட்டுக்கொண்டே ஒவ்வொரு கையாகப் பார்த்தாள். பன்னிரண்டு இடது என்றபோது இரட்டைச் சடையின் கை உயர்ந்தது.

"பன்னிரண்டு வலது!"

முற்றம் முழுக்க ஒரு கையும் எழவில்லை. சித்தி கடைசி ஆள்வரை பார்த்து முடித்தாள். அதற்கப்புறம்தான் பூட்ஸின் வாரை இழுத்துக் கட்டினாள்.